சட்டை முதுகில் ஒட்டிய பச்சை

மகனின் சட்டைகளைப் பற்றிக் கோவிந்தம்மாளுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது, எந்தக் கைமடிப்பில் கம்பெனி எண்ணெய்க் கறை போகாமல் நிற்கிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லிவிடுவாள். அரவிந்தன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மாவின் கை நோகக் கூடாதென்று போன வருடம் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தான். அவள் அதற்கு உறை தைத்துப் போட்டு, மேலே பிளாஸ்டிக் பூக்கொத்து ஒன்றை வைத்துவிட்டுக் கொல்லைக் கல்லிலேயே துவைத்துக்கொண்டிருந்தாள். மகன் எங்கே போனான், என்ன சாப்பிட்டான், யாரோடு இருந்தான் என்று மெஷின் அவளுக்குச் சொல்லாது. கல் சொல்லும்.

ஏரி நிரம்பிக் கடைபோய் வழிந்த கார்த்திகை மாதத்தில்தான் அந்தப் பச்சையை முதன்முதலாகப் பார்த்தாள். வெளிர்நீலக் கம்பெனிச் சட்டையின் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், மாவு தூவினது போலப் பச்சையாக ஒட்டியிருந்தது. கம்பெனியில் பெயிண்ட் பட்டிருக்கும் என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட் என்றால் உரியும். இது விரலோடு பொடியாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மழையில் நனைந்த மரத்தின் வாசனை.

ஈரக் கையோடு எழுந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய மாமரம் வழக்கம்போல் சுத்தமாக நின்றது. இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்மதியின் மாமரம். அதன் வடக்குப் பக்கம், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, ஒரே பச்சைப் பாசி. அந்தப் பச்சைக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் பாசி தேய்ந்து பட்டையின் பழுப்பு தெரிந்தது. ஒரு முதுகின் அகலம் இருந்தது அந்த இடம்.

மகனின் முதுகு எவ்வளவு அகலம் என்று அவளுக்குத் தெரியாதா?

வளர்மதி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. கோவிந்தம்மாள் மானாம்பதியிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க நான்கு வருடம் இடுப்பொடிய வேலை செய்தாள். ஐந்தாம் வருடம் வளர்மதி வந்தாள். வந்த மாதமே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு அதைப் பார்த்துச் சிரித்தாள். மாமியாரும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கோவிந்தம்மாள் துணியைக் கொண்டுவந்து அடுப்பைத் துடைத்தாள். அவளுக்குள் எதுவோ ஒன்று அன்றைக்குத்தான் புகை விட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு எரிவதற்குக் காரணங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. வளர்மதிக்கு முடி கொட்டவில்லை. வளர்மதி வீட்டு மாடு கன்று போட்டால் கிடேரி. இவள் வீட்டில் காளைக்கன்று. பாகம் பிரித்தபோது கொல்லைக்கு ஒரு மாமரம் என்று ஆளுக்கொன்று வந்தது. வெயில் விழும் பக்கம் கோவிந்தம்மாளுக்கு, நிழல் பக்கம் வளர்மதிக்கு. அன்றைக்கு வெயில் பக்கம்தான் நல்லதென்று அடம்பிடித்து வாங்கியவள் கோவிந்தம்மாள்தான். வடகம், மிளகாய் காயவைக்க வாகு. இப்போது நிழல் பக்கத்தையும் வளர்மதி தன்னை ஏமாற்றி வாங்கிக்கொண்டதாகவே நினைத்துக்கொள்வாள்.

தனக்குப் பொறாமை உண்டென்று கோவிந்தம்மாளுக்குத் தெரியும். அதை ஒரு குறையாக அவள் எண்ணியதில்லை. சிலருக்குத் தலைவலி வருவது போல, சிலருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதது போல, தனக்கு வளர்மதி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வெளியே ஒரு சொல் விட்டது கிடையாது. சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போவதும் வருவதும் நின்றதே இல்லை. போகும் கிண்ணத்தில் குழம்பு தளும்ப இருக்கும். வரும் கிண்ணத்தை அவள் ஒருமுறை கழுவிவிட்டுத்தான் அடுக்கில் வைப்பாள்.

ஆனால் மகன் விஷயம் வேறு. வளர்மதிக்கு அவளுடைய மகள் இருக்கிறாள். கல்பனா, ஓரிக்கையில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாகவே இருக்கிறாள். தன் பிள்ளை போதாதென்று அடுத்தவள் பிள்ளையும் வேண்டுமா?

அந்த வாரம் முழுக்கக் கவனித்தாள். கம்பெனி பஸ் அவனைக் கூட்டுரோட்டில் இறக்கிவிடும் நேரம் அவளுக்குத் தெரியும். அங்கிருந்து வீட்டுக்கு வண்டியில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியும். அதற்கு மேல் அரைமணி தாண்டித்தான் வந்தான். பின்பக்கச் சந்து வழியாக வந்தான். சட்டை முதுகில் பச்சை இருந்தது.

"நாஷ்டா எதனா துன்றியாடா?"

"வேணாம்மா. வயிறு நெறஞ்சி கீது."

எங்கே நிறைந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அப்புறம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவளை உறுத்தியது சாப்பாடு அல்ல. மாகறலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் பெயர் நிஷா. படித்தவள், நல்ல குடும்பம். தை பிறந்ததும் போய்ப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அரவிந்தனிடம் சொன்னபோது, "உம்" என்றான். அந்த "உம்"மில் ஒரு தயக்கம் இருந்ததாக அவளுக்கு இப்போது தோன்றியது. கம்பெனியில் எவளையாவது மனதில் வைத்திருக்கிறானோ. அதைத்தான் தினமும் அந்த மரத்தில் சாய்ந்துகொண்டு சின்னம்மாவிடம் சொல்கிறானோ. பெற்றவளுக்கு முன்னால் வளர்மதிக்குத் தெரிந்திருந்தால்? மாகறல்காரர்கள் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்காரும்போது, வளர்மதி ஒரு ஓரத்தில் நின்று எல்லாம் தெரிந்த முகத்தோடு சிரித்தால்?

கணவன் ஏகாம்பரத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

"உன் புள்ள அந்த வூட்டுலயே குடி கீறான். கவனிச்சியா?"

ஏகாம்பரம் சம்பா வயலில் தண்ணீர் வடியாத கவலையில் இருந்தார். "தம்பி வூடுதான. சந்தைக்கா பூட்டான்?"

"போறதுல ஒண்ணுமில்ல. இன்னா பேசறான்னு தெரிய வாணாமா?"

"நீ கேளு."

"நான் கேட்டா சொல்லமாட்டான்."

"அப்ப கேக்காத. பேஜாரு வுட்டுது." அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்கழியில் பனி சேர்ந்துகொண்டதும் அந்த மரத்துப் பாசி இன்னும் தடித்தது. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வெல்வெட்டுத் துணி போலப் பளபளத்தது. கோவிந்தம்மாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்ப்பாள். அதற்கு நடுவில் அந்த முதுகுத் தடம். நாளுக்கு நாள் தேய்ந்து, வழவழப்பாகிக்கொண்டே வந்தது. கோயில் தூணில் கைபட்டுக் கைபட்டு மின்னும் இடம் போல.

தன் மரத்தை அவள் அப்படி விட்டதே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடிமரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு பூசி, மேலே ஒரு காவிப்பட்டை இழுப்பாள். ஊரிலேயே வீட்டுச் சுவருக்கு முன்னால் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவள் அவள்தான். அந்த மரத்தில் யாரும் சாய்ந்ததில்லை.

ஒரு நாள் வளர்மதி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், சுவருக்கு மேலாகக் கையை நீட்டிக் கொஞ்சம் பாசியைக் கரண்டிக்காம்பால் சுரண்டித் தாளில் மடித்து எடுத்துக்கொண்டாள். உத்திரமேரூருக்குப் பஸ் ஏறி ஹபீபுல்லா கடைக்குப் போனாள். உரம், பூச்சிமருந்து, பொங்கல் சமயத்தில் சுண்ணாம்பும் காவியும் விற்கிற கடை அது.

"பாய், இத்த பாருங்க. மாமரத்துல வந்து கீது. இதுக்கு எதனா மருந்து குடுங்க."

ஹபீபுல்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "பாசிம்மா."

"பாசின்னு எனக்கும் தெரியும். மரத்த தின்னுடாது?"

"தின்னாது. வேரு கெடையாது, ஒண்ணும் கெடையாது. சும்மா மேலால ஒட்டிக்கினு கெடக்கும். நெழலு, ஈரம் கீற எடத்துல வரும், வெயிலு வந்தா தன்னால வெளுத்துடும். வுட்டுடுங்க."

"மரத்துக்குக் கெடுதல் இல்லன்னா, மனுசாளுக்கு? சாஞ்சா முதுகுல அரிப்பு கிரிப்பு வராது?"

"சட்டையில ஒட்டும். தோய்ச்சா பூடும்." அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஆமா, உங்க மரம் வெயிலு பக்கமாச்சே. உங்க வூட்டுக்காரரு போன மாசம் சொல்லிகினு இருந்தாரு, மொளகா காய வெக்கறீங்கன்னு. அதுல எப்டி வந்துச்சி இது?"

"வந்துச்சி," என்றாள் கோவிந்தம்மாள். "சுண்ணாம்பு ரெண்டு கிலோ போடுங்க. காவி அரைக் கிலோ."

ஒரு மரத்துக்கு இவ்வளவு ஆகாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கட்டிக் கொடுத்தார்.

போகிக்கு முதல் நாள் வளர்மதியும் கொழுந்தனும் ஓரிக்கைக்குக் கிளம்பினார்கள். மகளுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோக வேண்டும். கரும்புக் கட்டு, புதுப்பானை, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், புடவை. மொபெட்டில் ஏற்றிக் கட்டுவதற்குள் வளர்மதிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. கரும்பு ஒரு பக்கமாகவே சாய்ந்தது.

"அக்கா, மாட்ட கொஞ்சம் பாத்துக்கோ. நாளைக்கி சாயங்காலம் வந்துடறோம்."

"பாத்துக்கறேன், போ."

"நீ ஒருத்தி கீறதாலதான் வூட்ட தொறந்து போட்டுட்டு போறேன்." வளர்மதி வண்டியில் ஏறி உட்கார்ந்து கையை ஆட்டினாள். கரும்புத் தோகையும் கூட ஆடியது.

வண்டிச் சத்தம் அடங்கியதும் கோவிந்தம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தேங்காய் நார், வாளித் தண்ணீர், பழைய துடைப்பக்கட்டை. பாசி எளிதாகத்தான் வந்தது. நாரை அழுத்தி இழுத்தால் பச்சைத் தண்ணீராக ஒழுகி வேரோரமாக ஓடியது. அந்த முதுகுத் தடம் இருந்த இடத்தில் தேய்க்க ஒன்றும் இல்லை. அங்கேயும் தேய்த்தாள். அந்த இடத்தைத்தான் அதிக நேரம் தேய்த்தாள். பட்டை காய்ந்த பிறகு சுண்ணாம்பை ஒருமுறை பூசி, ஆறவிட்டு, மறுமுறையும் பூசினாள். மேலே காவிப்பட்டை. விலகி நின்று பார்த்தபோது இரண்டு கொல்லையிலும் இரண்டு மரம், ஒரே மாதிரி, இரட்டைப் பிள்ளைகள் போல. மனசு கொஞ்சம் குளிர்ந்தது. இனி சாயட்டும் பார்க்கலாம்.

மறுநாள் வளர்மதி வந்து கொல்லைக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். கோவிந்தம்மாள் தன் பக்கத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு, தலை நிமிராமல் காத்திருந்தாள். என்ன சொன்னாலும் பதில் தயாராக வைத்திருந்தாள். பொங்கலுக்குக்கூட மரத்தைச் சுத்தம் செய்ய முடியாதா, பார்க்க அசிங்கமாக இருந்தது, நாலு பேர் வருகிற போகிற இடம் என்று வரிசையாக.

"அக்கா. நீயா அடிச்ச?"

"பின்ன யாரு அடிப்பா?"

"அடப்பாவமே. எங்கூட்டுக்காரர கேட்டுக் கேட்டு வாயே வலிச்சிப்போச்சி. அது நவுராது. நீ இந்த வேலைக்கி நடுவுல..." வளர்மதி மரத்தருகே போய்ச் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தாள். "எவ்ளோ சுத்தமா கீது. எம் மரம்னே தெரியல."

"பாசி புடிச்சி அசிங்கமா இருந்துச்சி. அதான்."

"அது பாட்டுக்கு இருந்துச்சி, பாவம். போனா போவுது." சிரித்துக்கொண்டே சுவருக்கு மேலே ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "இந்தா, கல்பனா குடுத்துச்சி. அதிரசம். நீ தின்னு, மாமாவுக்கு ஒண்ணே ஒண்ணு குடு, சக்கர கீது."

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, கோவிந்தம்மாள் தன் கையால் ஓரகத்தி வீட்டு மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த கதை. "கூடப் பொறந்தவகூட செய்யமாட்டா," என்று வளர்மதி ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டு போனாள். கோவிந்தம்மாள் அதிரசத்தைக் கடித்தாள். நன்றாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது. கோபப்படக்கூடத் தெரியாதவளிடம் எப்படி ஜெயிப்பது?

காணும் பொங்கல் கழிந்து கம்பெனி திறந்தது. முதல் நாள் வேலைக்குப் போய் வந்த அரவிந்தனின் சட்டையைக் கல்லில் விரித்தபோது, முதுகில் வெள்ளை. சுண்ணாம்பு.

கோவிந்தம்மாளுக்கு உள்ளே ஒரு துள்ளல். நம் மரத்தில் சாய்ந்திருக்கிறான். பிற்பகலில் அவள் களத்துக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, அம்மா எங்கே என்று தேடிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். சோப்பை எடுத்த கை அப்படியே நின்றது. பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் வெள்ளை. இவள் பூசிய வெள்ளை.

பச்சையாக இருந்தவரைக்கும் எந்த மரம் என்று தெரிந்தது. இருந்த ஒரே அடையாளத்தையும் தன் கையாலேயே அழித்தாகிவிட்டது.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அரவிந்தன் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"இந்தச் சுண்ணாம்பு எந்த மரத்துது?"

"இன்னாம்மா?"

"எந்த மரத்துல சாஞ்சன்னு கேக்கறேன்."

"சின்னம்மா வூட்டு மரத்துல." அவன் எழுந்து உட்கார்ந்தான். "ஏன், சுண்ணாம்பு போவலயா?"

"அது போவும். தெனிக்கும் அங்க போயி இன்னாடா பேசிகினு கீற? எனக்குத் தெரியாம இன்னா கீது? மாகறல் பொண்ணு வாணாம்னா எங்கிட்ட சொல்லு. கம்பெனில யாரையாச்சும் பாத்து வெச்சிகினு கீறன்னாலும் எங்கிட்ட சொல்லு. அவகிட்ட சொல்லிட்டு, அவ வந்து எங்கிட்ட சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?"

அரவிந்தன் அவளையே பார்த்தான். "கம்பெனில யாரு கீறாங்க? எல்லாம் மீச வெச்சவனுங்கதான். பொண்ணு நீ பாத்து சரின்னா சரிதான். அதான் அன்னிக்கே 'உம்'னேனே."

"பின்ன அங்க இன்னா பேசுவ?"

"ஒண்ணும் பேசறதில்லம்மா. சும்மா ஒக்காந்துகினு இருப்பேன்."

"சும்மாவா?"

"சின்னம்மா மொச்ச உரிச்சிகினு இருக்கும். நானும் நாலு உரிப்பேன். பஸ்ல வந்தது தூக்கம் தூக்கமா வரும். சாஞ்சா குளுகுளுன்னு இருக்கும். இன்னா பேசனோம்னு கேட்டா எனக்கே தெரியாது."

"அத்த இங்க ஒக்காந்து உரிக்கறது. இங்க மொச்ச இல்லயா?"

அவன் தயங்கினான். "இங்க ஒக்காந்தா எயுந்துக்கோன்னுவ. பெருக்கணும்னுவ. சட்டைய கயட்டுன்னுவ." சிரித்தான். "தப்பா சொல்லலம்மா. உனுக்கு வேல கீது."

கோவிந்தம்மாள் கையிலிருந்த சட்டையை இன்னும் இறுகச் சுருட்டினாள். ஒரு ரகசியம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிடுங்கியிருப்பாள், அழுதாவது, பட்டினி கிடந்தாவது தன் பக்கம் இழுத்திருப்பாள். வளர்மதியிடம் இருந்தது வெறும் சும்மா. அதை எப்படிப் பிடுங்குவது, எங்கே பூட்டி வைப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் முயற்சி செய்து பார்த்தாள். மொச்சையை முறத்தில் போட்டுக்கொண்டு தன் மரத்தடியில் உட்கார்ந்தாள். "வாடா, வந்து ஒக்காரு." அவன் வந்து உட்கார்ந்தான். உரித்தார்கள். அவன் நன்றாக உரித்தான். அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசாமல் இருக்கவும் தெரியவில்லை. எதிரே காய்ந்த மாவிலைகள் நாலைந்து கிடந்தன. முதலில் அவற்றைப் பார்க்காமல் இருந்தாள். பிறகு பார்த்தாள். பிறகு, "இரு, வந்துட்டேன்," என்று எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். பெருக்கி முடித்துத் திரும்பியபோது முறம் மட்டும் இருந்தது. உரித்த மொச்சையை அழகாக ஒரு பக்கமாகக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மாகறல் சம்பந்தம் முடிந்தது. வைகாசியில் நிஷா மருமகளாக வந்தாள். நல்ல பெண், வந்த வாரமே வாஷிங் மெஷினின் உறையைக் கழற்றித் துணியைப் போட்டாள். கோவிந்தம்மாள் தடுக்கவில்லை. கல்லில் அவள் தேடிய பதில்கள் இனி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் பொங்கலுக்கு அவள் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. தெருவில் பலர் கேட்டார்கள். முழங்கால் வலி என்றாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. ஐப்பசி மழைக்கே பழைய சுண்ணாம்பெல்லாம் கரைந்து இறங்கியிருந்தது. அப்போதிலிருந்தே தினமும் அரிசி களைந்த தண்ணீரைச் சொம்பில் கொண்டுபோய் அடிமரத்தின் வடக்குப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் ஒருநாள் பார்த்துவிட்டார். "வேருல ஊத்துமே. மரத்துக்குக் குளிப்பாட்டி வுட்டுகினு கீற."

"வேருல எல்லாரும்தான் ஊத்தறாங்க."

அவர் ஒன்றும் புரியாமல் போனார்.

நிஷா ஒருநாள் கொல்லைக்கு வந்தபோது கோவிந்தம்மாள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் முறம் இல்லை, துடைப்பம் இல்லை. மருமகளுக்கு அதுவே ஆச்சரியம்.

"இன்னா அத்த, ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் கீறேன். இங்க வா." எழுந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "முதுகுல எதனா ஒட்டி கீதா பாரு."

நிஷா குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்ல அத்த. சுத்தமா கீது." சொல்லிவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாக அந்தப் பக்கம் போனாள். "சின்னத்த, மொச்ச வந்துச்சா?" என்ற குரலும், அதற்கு வளர்மதியின் சிரிப்பும் கேட்டன. சுவருக்கு அப்பால் நிஷா முதுகைக் காட்டி நடந்தபோது கோவிந்தம்மாள் பார்த்தாள். மருமகளின் ரவிக்கைக்குக் கீழே, புடவையின் முதுகில், மாவு தூவினது போலப் பச்சை.

அந்த மரத்தைப் பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். சுண்ணாம்பு போன சுவடே இல்லை. மழைக்கு ஆள் உயரப் பாசி மறுபடியும் ஏறி வெல்வெட்டாக மின்னியது. அதற்கு நடுவில் பழுப்பாகத் தேய்ந்த இடம். இப்போது அது இரண்டு முதுகுகளின் அகலம் இருந்தது.

கோவிந்தம்மாள் தன் மரத்தின் பக்கம் திரும்பினாள். குனிந்து, வேரோரமாக, வடக்குப் பக்கத்தில் தேடினாள். இரண்டு பட்டைகளுக்கு நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை இருந்தது. தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று தொடாமல் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், இன்றைக்கு அரிசியை வழக்கத்தை விட ஒரு முறை கூடுதலாகவே களைந்தாள்.